உறவு என்ற கட்டத்தில்

பிப்ரவரி 4

ரேடியோவுக்கு,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்ததும் பேனாவை எடுப்பது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது. போன் செய்திருக்கலாம். போனை எடுத்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா.

எங்கள் அலுவலகத்துக்குத் தொழில் பத்திரிகைகள் எல்லாம் வரும். யார் யாரை வாங்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதானே எங்கள் பிழைப்பு. அதில் ஆறாம் பக்கத்தில் நீ. ஆக்சிஜன் நிறுவனத்தின் விநியோக மேலாளர், முப்பது வயதுக்குள் சாதித்தவர் என்று போட்டு, லாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். ஹாஸ்டலில் என் நீலச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற அதே நிற்பு. அந்தச் சட்டை என்னைவிட உனக்குத்தான் பொருந்தும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

என் வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாகச் சேர நினைத்தால் முதலில் எங்கள் ஆணையத்துக்கு விண்ணப்பம் தரவேண்டும். நாங்கள் சரி என்று சொல்லும்வரை சேரக்கூடாது. முதல் முப்பது நாள் மேலோட்டமாகப் பார்ப்போம். சந்தேகம் தட்டினால் இன்னும் சில மாதம் தோண்டுவோம். எங்கள் பிரிவுத் தலைவிக்குக் கத்தரி மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் கேட்பது ஒரே கேள்வி: “விலை ஏறினா வாங்கறவங்க வேற எங்க போவாங்க?” போக இடம் இருந்தால் சேரட்டும். இல்லையென்றால் எங்களுக்கு வேலை வந்துவிடும். போன வருடம் இரண்டு பூட்டு நிறுவனங்கள். கதவுக்குப் பூட்டு வாங்க வந்தவர் தொங்கு பூட்டை வாங்கிக்கொண்டு போவாரா என்று மூன்று வாரம் கடை கடையாகக் கேட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இது நீ வேண்டாமென்று விட்ட இடம் என்பது மட்டும் உறுத்துகிறது.

தேர்வுப் பட்டியலில் நீ ஏழாவது. நான் காத்திருப்போரில் முதல் ஆள். நீ சேராததால்தான் எனக்கு உத்தரவு வந்தது. அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னபோது, “உன் எச்சில் எனக்கு வேண்டாம்” என்றேன். சொல்லிவிட்டு மூன்று வருடமாக அதைத்தான் தின்கிறேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவின் போன் எப்போதும் வேறு அழைப்பில் இருக்கிறது. யார் என்று கேட்டால், “ரேடியோதான், வேற யாரு” என்கிறாள். முக்கால் மணி நேரமாம். என்னிடம் பேசுவது மூன்று நிமிடம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டாயா, போட்டேன். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் என் வேலை என்ன என்று அம்மாவுக்கு என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நீ சொன்னாயாமே, “ரெண்டு கடைக்காரன் கூட்டுச் சேர்ந்தா விலையை ஏத்திடுவான்ல, அதைத் தடுக்கறவ உங்க பொண்ணு” என்று. அம்மா இப்போது அதைத்தான் பக்கத்து வீடுகளில் சொல்கிறாள். என் வேலையைக்கூட என் அம்மாவுக்கு நீதான் கொடுத்திருக்கிறாய்.

கோட்டான்


பிப்ரவரி 13

அடி ஊமைக்கோட்டான்,

மூணு வருஷம் கழிச்சு எழுதறவ, பொறாமையை நல்லா இஸ்திரி போட்டு மடிச்சு அனுப்பியிருக்க. வாழ்த்துன்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருக்கான்னு ரெண்டு தடவை தேடினேன். இல்ல. பரவாயில்ல, நீ வாழ்த்தியிருந்தா தான் பயந்திருப்பேன்.

அந்த போட்டோல நான் சிரிக்கறது லாரிக்காக இல்ல. எடுக்கறதுக்கு முன்னாடிதான் எங்க டிரைவர் பின்னால எடுத்து கேட்டை இடிச்சிருந்தார். உடைஞ்ச கேட்டை மறைச்சுதான் நிக்கறேன். இதெல்லாம்தான் உங்கம்மாகிட்ட பேசறது. பக்கத்து வீட்டுக்காரங்க துணி பறந்துபோன கதையை அவங்க சொல்வாங்க, நான் கேட் இடிஞ்ச கதையைச் சொல்வேன். முக்கால் மணி நேரம் ஓடிடும். பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லடி.

உனக்கு அம்மா இருக்காங்க. எனக்கு எட்டு வயசுலயே போயிட்டாங்க. ஹாஸ்டலுக்கு உங்கம்மா வரும்போதெல்லாம் உன் கட்டில்ல உக்காந்து என் முகத்தைப் பார்த்துதான் பேசுவாங்க. ஏன்னா நீ புத்தகத்தை முகத்துக்கு நேரா தூக்கி வெச்சுக்குவ. போகும்போது உன் தலையைத் தடவிட்டுப் போவாங்க. என்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினவங்க தடவறது உன் தலையை. நான் பொறாமைப்படாம இருந்தேன்னு உனக்கு யார் சொன்னா?

வீட்டுக்குப் போய் எத்தனை மாசமாச்சு? எதையும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. அதனால நான் எதுவும் சொல்லல. போய்ப் பாரு. பஸ்ல அஞ்சு மணி நேரம்தானே.

ரேடியோ


மார்ச் 21

மதிப்பிற்குரிய விநியோக மேலாளருக்கு,

தங்கள் நிறுவனத்தை மற்றொரு ஆக்சிஜன் நிறுவனம் வாங்குவதற்கான விண்ணப்பம் எங்கள் ஆணையத்துக்கு வந்துள்ளது. அதை ஆராயும் குழுவில் நானும் இருக்கிறேன். நம் பழக்கத்தைப் பற்றி என் பிரிவுத் தலைவியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். “உடன் படித்தவர். இப்போது நெருக்கமில்லை” என்று எழுதியிருக்கிறேன். அதை ஏற்று என்னைக் குழுவில் வைத்திருக்கிறார்.

முடிவு வெளியாகும்வரை தாங்கள் எனக்கு எழுதவோ பேசவோ வேண்டாம். கடிதம் வந்தால் திறக்கப்படாமல் கோப்பில் சேர்க்கப்படும். இந்தக் கடிதத்தின் நகலும் கோப்பில் உள்ளது.

இப்படிக்கு,
ஆய்வு அலுவலர்


மார்ச் 30

ஆய்வு அலுவலர் அவர்களே,

நெருக்கமில்லை. சரி. காய்ச்சல்ல கிடந்தப்ப உன் வாந்தியை அள்ளினவளுக்கு நல்ல பட்டம்.

நீ திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்க, சொன்னா அப்படியே செய்வ. இருந்தாலும் எழுதறேன். ஒருவேளை திறந்து பார்க்கற அளவுக்கு மாறியிருப்பியோன்னு ஒரு ஆசை. உங்கம்மாவுக்கு செஞ்ச சத்தியத்தை இதோ உடைக்கறேன்.

நவம்பர்ல இருந்து அவங்களுக்கு வீட்டுல ஆக்சிஜன் போகுது. ஆலையில இருபது வருஷம் மூச்சோட இழுத்த பஞ்சு, இப்போ நெஞ்சைப் பிடிச்சிருக்கு. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்குல குழாய். போன்ல உன்கிட்ட ஏன் மூணே நிமிஷம் பேசறாங்கன்னு நினைச்ச? நீ போன் பண்ற நேரம் சாயங்காலம், அப்போ மூச்சு வாங்கும். அது உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு சீக்கிரம் வெச்சுடறாங்க. என்கிட்ட மறைக்க வேண்டியதில்ல. சிலிண்டரே நான்தானே அனுப்பறேன்.

இந்த ஊர்ல வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுபோற லாரி ரெண்டே ரெண்டு கம்பெனிக்குத்தான் இருக்கு. ஒண்ணு நாங்க. இன்னொண்ணு எங்களை வாங்கப்போறவங்க. ஜனவரியில தட்டுப்பாடு வந்தப்ப பாதிப் பேருக்கு ரெண்டு நாள் தாமதம். உங்கம்மாவுக்கு ஒரு மணி நேரம்கூட தாமதம் இல்ல. எப்படின்னு கேக்காத.

“அவளுக்கு வேலை ஜாஸ்தியா?”ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். உனக்காகப் பொய் சொல்ற பழக்கம் இன்னும் போகல.

ரேடியோ


ஜூலை 12

ரேடியோ,

மார்ச்சில் நீ எழுதியதை நேற்றுதான் படித்தேன். உறையின் மேல் 212 என்று கோப்பு எண் முத்திரை இருக்கிறது. கோப்பறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். திறக்கவில்லை. கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது. உன்னைவிட நான் ஒழுங்கானவள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியதுபோல.

என்னை உங்கள் நிறுவனத்தின் வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது, உன் அம்மாவைப் பற்றி எழுதிக்கொள் என்று கத்தரி மேடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இது அம்மாவைப் பற்றிய கடிதம்.

உங்கள் நிறுவனம் எங்களுக்குத் தந்த தாள்களில் உன் பட்டியல் ஒன்று இருந்தது. தட்டுப்பாடு வந்தால் முதலில் சிலிண்டர் போகவேண்டிய வீடுகள். மேலே ‘ஊழியர் குடும்பம்’ என்று தலைப்பு. மொத்தம் நாற்பத்தோரு வரி. முப்பத்தெட்டாவது வரியில் எங்கள் வீட்டு முகவரி. பச்சைக் கதவு, மணி அடிக்காது, தட்டவும் என்று குறிப்பு. ஊழியர் என்ற கட்டத்தில் உன் பெயர். உறவு என்ற கட்டத்தில், அம்மா.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. நன்றியும் வரவில்லை. என் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று மூளைக்கு எட்டும் முன்பே பொறாமை வந்துவிட்டது. இதை வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியே அடுத்த தாளுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று மாதமாக இந்த வழக்கைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. என் முதல் பெரிய வேலை. பிறகு எழுந்து மேடத்தின் அறைக்குப் போனேன்.

“நெருக்கமில்லைன்னு எழுதிக் கொடுத்தியே. பொய்யா?” என்றார்.

“இல்ல மேடம். எழுதும்போது நிஜம்னுதான் நினைச்சேன்.”

“நெருக்கம் இல்லாதவங்ககிட்ட யாராவது மூணு வருஷம் கோவமா இருப்பாங்களா? முதல்லயே உன்னை எடுத்திருக்கணும். என் தப்பு.” பேனாவை மூடினார். “உங்கம்மாவைப் போய்ப் பார்த்தியா?”

“இல்ல மேடம்.”

“அப்போ இங்க ஏன் நிக்கற?”

மேடத்தின் அனுமதியோடு கோப்பறையில் உன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, அடுத்த பேருந்தில் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கைதான் மூக்குக்குப் போனது, குழாயை மறைக்க. சிலிண்டரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. எந்தப் பக்கம் திருகினால் திறக்கும், எந்தப் பக்கம் மூடும் என்று அம்பு போட்டு, உன் குண்டு குண்டுக் கையெழுத்தில். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்து பெரிதாக எழுதியிருக்கிறாய். எட்டு மாதம் நான் வரவில்லை. உன் கையெழுத்து தினமும் அவள் முன்னால் தொங்கியிருக்கிறது.

“உனக்கு யார் சொன்னா? ரேடியோவா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஒரு காகிதத்துல பார்த்தேன்.”

“நல்லவேளை. அவ சத்தியம் மீறமாட்டா.”

நீ மார்ச்சிலேயே அதை மீறியதை அவளிடம் மறைத்துவிட்டேன். உன் பெயரைக் காப்பாற்றியதற்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இப்போது கேட்கமாட்டேன்.

கோட்டான்


ஜூலை 25

கோட்டான்,

ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எனக்கு மெமோ வந்திருக்கு. ‘தவறான உறவு விவரம் தந்ததற்கு விளக்கம் தரவும்.’ நீ உன் மேடத்துகிட்ட சொல்ல, அவங்க எங்க கம்பெனிக்கு எழுத, எங்க ஆளுங்க என் மேஜைக்கு வந்துட்டாங்க. தப்புதான்னு எழுதிக் கொடுத்துட்டேன். வேற என்ன எழுத? லாரியையும் பட்டியலையும் பிடுங்கிட்டு என்னைத் தலைமை அலுவலகத்துல கோப்புப் பிரிவுக்கு மாத்தறாங்க. வேற ஊரு. போக ஒரு மாசம் இருக்கு.

ஆனா அதுகூட வலிக்கல. நீ பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்க வக்கீல் உங்க ஆபீஸ்ல கோப்பைப் பார்த்துட்டு வந்து, ஒரு படத்தைக் காட்டி, “இது உங்க கையெழுத்தா?”ன்னு கேட்டார். என் உறை. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. மேல நம்பர். உள்ள என்ன எழுதியிருக்கேன்னு அவருக்குக் கவலை. நான் அந்த ஒட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அடிப்பாவி, ஓரத்தைக்கூட பிரிக்கலையேன்னு.

இப்போ அந்தக் கட்டத்துக்கு வரேன். கம்ப்யூட்டர்ல நாலே நாலுதான் இருக்கும். கணவர், பிள்ளை, அப்பா, அம்மா. தோழியோட அம்மான்னு எவனும் போட்டு வைக்கல. அம்மான்னு அமுக்கினேன். அமுக்கிட்டு வேலையைப் பார்த்திருக்கணும், பார்க்கல. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இருபது வருஷமா எந்த விண்ணப்பத்துலயும் அந்த இடத்துல கோடு போட்டுட்டு வந்தவ நான். ஒரு தடவை நிரப்பிப் பார்த்தேன். உன்னோடதை எடுத்துதான் நிரப்பினேன், தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், அப்புறம் தைரியம் வராது. எச்சில்னு சொன்னியே, நான் உனக்கு எதையும் விட்டுக்கொடுக்கல. இன்டர்வியூல வாயால ஜெயிச்சேன். அதுக்கப்புறம், சேர்றதுக்கு முன்னாடி படிச்சுட்டு வாங்கன்னு ஒரு பழைய கோப்பை அனுப்பினாங்க. முந்நூறு பக்கம். நாப்பதாவது பக்கத்துல அழுதுட்டேன். இதை உக்காந்து படிக்க எனக்குத் தெரிஞ்சு ஒருத்தியாலதான் முடியும்னு தோணிச்சு, அந்த எண்ணமே எரிஞ்சது. பயந்து ஓடினதைப் பெருந்தன்மைன்னு வெளிய சொல்லிக்கிட்டேன். இப்போ பாரு, கோப்புப் பிரிவு. முந்நூறு பக்கம் என்னைத் தேடி வந்துடுச்சு.

என்னமோ கேக்கணும்னியே. கேளு.

ரேடியோ


செப்டம்பர் 20

ரேடியோ,

இனி வழக்கைப் பற்றியும் எழுதலாம். முடிவு போன வாரம் வெளியாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தொண்ணூற்று நான்கு பக்கம். பயப்படாதே, உனக்கு நான்கே வரியில் சொல்கிறேன்.

வாங்குகிறவர்கள் உங்கள் நிறுவனத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் ஊர் நிலையத்தையும் அதன் லாரிகளையும் மூன்றாவது நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட வேண்டும். விற்கும்வரை வீடுகளுக்குப் போகும் சிலிண்டர் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. தட்டுப்பாடு வந்தால் மருத்துவர் சொல்லும் தேவையின் வரிசையில் போகவேண்டும், ஊழியரின் உறவுக்காக யாரும் முன்னால் போகக்கூடாது.

அந்தக் கடைசி வரி என்னுடையது. சிலிண்டர் லாரி எவ்வளவு தூரம் போகும், பக்கத்து ஊர் நிலையங்கள் ஏன் இங்கே வருவதில்லை என்று அறுபது வீடுகளுக்குப் போன் செய்து கேட்டேன். நானா என்று உனக்குச் சந்தேகம் வரும். கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துப் படித்தேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர், “ரெண்டு நாள் சிலிண்டர் வரல, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றார். வேறு எங்கேயாவது கேட்டீர்களா என்றேன். “வேற எங்கம்மா போறது?” என்றார். அன்றுதான் ‘ஊழியர் குடும்பம்’ என்ற தலைப்பு என் கண்ணில் பட்டது. பெயர்களைப் படிக்கவில்லை. தலைப்பைப் பார்த்த கோபத்தில் அந்த வரியை எழுதினேன். மறுநாள்தான் முப்பத்தெட்டாவது வரிக்கு வந்தேன்.

அம்மாவின் இடத்தை அழித்தவள் நான்தான். மேடத்திடம் போனபோது, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்காகத்தான் சொல்லவில்லை என்று இருந்தால் நன்றாக இருக்கும். நீ அமுக்கிய அந்த ‘அம்மா’ அழிந்து போகட்டும் என்ற ஆசையும் இருந்ததா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிய எல்லாவற்றையும் வேறு இரண்டு பேர் முதலிலிருந்து சரிபார்த்தார்கள். அந்த வரி நின்றுவிட்டது. கத்தரி மேடம் அதில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை, மூன்று வருடத்தில் முதல்முறை.

புதிய பட்டியலில் அம்மா ஒன்பதாவது. முப்பத்தெட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட முடியவில்லை. மருத்துவர் போட்ட வரிசை அது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் போகிறேன். போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிடும். சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்கும், பேசவிட மாட்டேன். ஞாயிறு மதியம் பேருந்தைப் பிடிக்கவேண்டும். ஆக, நடுவில் இருப்பது ஞாயிறு காலை மட்டும்.

போன ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். போனில் பேச யாராவது தலை வாருவார்களா? நான் வந்தபோது வாரவில்லை. நீ கூப்பிட்டாய். தலைமை அலுவலகத்தில் கோப்பு அலமாரி உன் கால்மேல் சாய்ந்த கதையைச் சொன்னாய். அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது குழாய் மூக்கிலிருந்து நழுவுகிறது. நான் எழுந்து அதைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி சிரித்தாள், மறுபடி எழுந்தேன். முக்கால் மணி நேரமும் என் வேலை அதுதான். வைத்த பிறகு என்னைப் பார்த்து, “நீயும் ஏதாவது பேசேன்” என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மேடம் எல்லோரைப் பற்றியும் கேட்கும் கேள்வியை அம்மாவை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். நீ இல்லையென்றால் அவள் பேச்சுக்கு வேறு எங்கே போவாள்? என்னிடம் வருவாள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போமோ என்னவோ. இருந்தாலும் அந்த மூச்சைப் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

உன் எச்சில் வேண்டாம் என்று சொன்ன வாயால்தான் கேட்கிறேன். அப்போது நீ எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இந்த முறை நிஜமாகவே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். திங்கள் முதல் சனி வரை உன் இஷ்டம், மணிக்கணக்கில் பேசு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவைக் கூப்பிடாதே.

கோட்டான்